உதைக்கும் கணக்கு

பள்ளி இயற்பியல் ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்தியவர்களுக்கு இந்தப் பக்கம் மனப்பாடம். பந்தின் நிறை 50 கிராம். விழும் உயரம் 1 மீட்டர். நிலை ஆற்றல் என்பது நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றின் பெருக்கல், ஆக 0.05 × 9.8 × 1 = 0.49 ஜூல். தரையைத் தொடும்போது வேகம் விநாடிக்கு 4.43 மீட்டர். இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கியது, அதுவும் 0.49 ஜூல். ‘ஆகவே ஆற்றல் அழிவின்மை விதி சரிபார்க்கப்பட்டது’ என்று ஒரு வரி, அதன் கீழே பென்சில் கோடு, ஓரத்தில் ஆசிரியரின் சுருக்கொப்பம்.

அந்த 4.43 எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. விழும் பொருளுடைய வேகத்தின் இருமடி, ஈர்ப்பு முடுக்கத்தையும் உயரத்தையும் பெருக்கி இரட்டித்த தொகைக்குச் சமம் என்று ஒரு சமன்பாடு உண்டு. அதே 1 மீட்டரை அதில் போட்டு எடுத்த எண் அது. பந்து விழவே இல்லை. விழுந்திருந்தாலும் யாரும் அளக்கவில்லை. இடது பையில் இருந்த பணத்தை வலது பைக்கு மாற்றிவிட்டு, வரவும் செலவும் சரியாக இருக்கிறது என்று சொல்வது மாதிரி. இந்தக் கணக்கு ஒருநாளும் உதைக்காது. உதைக்க அதில் இடமே இல்லை.

மளிகைக் கடையில் இரவு கல்லாவை எண்ணும்போது பத்து ரூபாய் குறைந்தால் ‘கணக்கு உதைக்குதே’ என்பார்கள். அப்போதுதான் கடைக்காரருக்கு எழுத மறந்த கடன் ஞாபகம் வரும். பள்ளியில் செய்கிற ஆற்றல் பரிசோதனைகளையும் அந்தக் கண்ணோடு வரிசையாக எடுத்துப் பார்க்கலாம். எதில் இரண்டு ஆற்றல்களையும் தனித்தனியாக அளக்க முடிகிறது? எதில் கணக்கு உதைக்கிறது? உதைத்தால், காணாமல்போன ஜூல் யார் கணக்கில் ஏறியிருக்கிறது?

சொல்லும் அரையும்

முதலில் சொல். தமிழ்நாட்டுப் பாடநூலில் ஒரு பொருளில் உள்ள பருப்பொருளின் அளவு ‘நிறை’. அதைப் பூமி இழுக்கும் விசை ‘எடை’. இலங்கைப் பாடநூலில் முன்னதற்குப் பெயர் ‘திணிவு’. ‘நிறை’ என்றால் அங்கே எடைதான். அலகைப் பார்க்காமல் யாழ்ப்பாணத்து வினாத்தாளைச் சென்னை மாணவி போட்டால் விடை 9.8 மடங்கு தவறும். நிலை ஆற்றலை அங்கே ‘அழுத்தச் சக்தி’ என்கிறார்கள். இயக்க ஆற்றல் ‘இயக்கப்பாட்டுச் சக்தி’. இதில் எது நல்ல சொல் என்ற சண்டைக்குள் போக எனக்கு ஆசையில்லை. ஆனால் ‘நிலை’ என்ற நம் சொல் ஒரு குழியைத் தோண்டி வைத்திருக்கிறது. நிற்கிற பந்துக்கு நிலை ஆற்றல், ஓடுகிற பந்துக்கு இயக்க ஆற்றல் என்று பிள்ளைகள் பிரித்துக்கொள்கிறார்கள். பாதி வழியில் விழுந்துகொண்டிருக்கும் பந்துக்கு இரண்டும் உண்டு என்றால் விழிக்கிறார்கள். இங்கே ‘நிலை’ என்பது நிற்பதைக் குறிக்கவில்லை, இருக்கும் இடத்தைக் குறிக்கிறது என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

அந்த இடமும் பந்துக்கு மட்டும் சொந்தமானதல்ல. நிலை ஆற்றல் பந்தும் பூமியும் சேர்ந்த கூட்டுக் கணக்கில் இருக்கிறது. பூஜ்யத்தைத் தரையில் வைக்கலாம், மேசைமேல் வைக்கலாம். மேசையில் வைத்தால் தரையில் கிடக்கும் பந்தின் நிலை ஆற்றல் கழித்தல் குறியோடு வரும், அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. பரிசோதனையின் நடுவில் பூஜ்யத்தை மாற்றாமல் இருந்தால் போதும். கிராமைக் கிலோகிராமாக மாற்ற மறப்பதை விட்டுவிட்டால், கணக்குத் தாள்களில் நான் அதிகம் பார்த்த தவறு இந்த நடுவழி மாற்றம்தான்.

அடுத்தது அந்த ‘அரை’. நிலை ஆற்றலில் இல்லாத பாதி இயக்க ஆற்றலில் ஏன் வருகிறது என்று கேட்கும் பிள்ளை எல்லா வகுப்பிலும் ஒன்று உண்டு. ‘ஃபார்முலா அப்படி’ என்ற பதிலோடு உட்கார்ந்துவிடும். 1686-இல் லைப்னிட்ஸ் தெகார்த்தை மறுத்து எழுதியபோது இந்த அரை கிடையாது. இயங்கும் பொருளின் ‘விசை’யை நிறை, வேகம் இரண்டின் பெருக்கலாகத் தெகார்த் வழியினர் அளந்தார்கள். லைப்னிட்ஸ் விழும் பொருளை எடுத்துக்கொண்டார். ஒரு பங்கு எடையை நான்கு பங்கு உயரத்துக்குத் தூக்குவதும், நான்கு பங்கு எடையை ஒரு பங்கு உயரத்துக்குத் தூக்குவதும் ஒரே உழைப்பு. ஆனால் நான்கு பங்கு உயரத்திலிருந்து விழுவதன் வேகம் இரண்டு மடங்குதான். ஆகவே வேகத்தை இருமடியாக்கினால்தான் கணக்கு நேராகும் என்றார். நம் ரெக்கார்டு நோட்டில் இருப்பதும் இதே தர்க்கம்தான். அவர் அதை வாதமாக வைத்தார். நாம் அதையே பரிசோதனை என்று எழுதிக்கொள்கிறோம்.

உண்மையிலேயே பரிசோதனை செய்தவர் லைடன் பல்கலைக்கழகத்தின் ஸ்கிராவசாண்டே. பித்தளைக் குண்டுகளை மென்மையான களிமண்ணில் விழவிட்டு, பள்ளத்தைப் பார்த்து, 1722-இல் முடிவை வெளியிட்டார். வேகம் இரட்டித்தால் பள்ளம் நான்கு மடங்கு. பிரான்சில் எமிலி து ஷாத்தலே 1740-இல் வந்த தன் இயற்பியல் நூலில் இதைத் தூக்கிப் பிடித்தார். குண்டைப் போட்டதே அவர்தான் என்று பல இடங்களில் எழுதிவிடுகிறார்கள். போட்டவர் லைடன்காரர், அதன் பொருளைத் துணிந்து வாதாடியவர் இந்த அம்மையார். அரை வந்தது 1829-இல். கொரியோலிஸ் எந்திரங்களின் வேலையைக் கணக்கிட்ட நூலில், விசையைத் தூரத்தால் பெருக்கிய ‘வேலை’யோடு நேராகப் பொருந்தட்டும் என்று அந்தப் பாதியைச் சேர்த்தார். ஓய்விலிருந்து சீராக வேகமெடுக்கும் பொருளின் சராசரி வேகம் இறுதி வேகத்தில் பாதி. சூத்திரத்திலுள்ள அரை அந்தச் சராசரியின் நிழல். நிலை ஆற்றல் என்று நாம் சொல்வதற்கு ஆங்கிலத்தில் பெயர் வைத்தவர் ராங்கின், 1853-இல். அதாவது பெயர் வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே கணக்கும் சண்டையும் தொடங்கிவிட்டன.

களிமண் பரிசோதனை இன்றும் எட்டாம் வகுப்புக்குப் பொருத்தமானது. சப்பாத்தி மாவு போதும், ஒரு இரும்புக் குண்டு போதும். 25 செ.மீ. உயரத்திலிருந்தும் 1 மீட்டரிலிருந்தும் போட்டுவிட்டு, இரண்டு குழியிலும் ஸ்பூனால் தண்ணீர் ஊற்றி எண்ணிப் பார்க்கச் சொல்லலாம். சூத்திரம் ஏதும் தெரியாத பிள்ளைக்கும் வேகத்தின் இருமடி கண்ணில் தெரியும்.

கையில் ஸ்டாப்வாட்ச்

பந்தை உண்மையாகவே போட்டு அளப்போம். 1 மீட்டர் விழ 0.45 விநாடி ஆகிறது. பந்தை விடுவதும் பொத்தானை அழுத்துவதும் ஒத்துப்போகாமல் பத்தில் ஒரு விநாடி பிசகுவது சாதாரணம். பந்து சீராக வேகமெடுப்பதால் இறுதி வேகம், தூரத்தைக் காலத்தால் வகுத்து இரட்டித்தது. 0.55 விநாடி என்று கடிகாரம் காட்டினால் வேகம் 3.64, இயக்க ஆற்றல் 0.33 ஜூல்: மூன்றில் ஒரு பங்கு காணோம். 0.35 என்று காட்டினால் 5.71, ஆற்றல் 0.82 ஜூல்: ஒரு மடங்குக்கு மேல் மூன்றில் இரண்டு பங்கு கூடப் போகிறது. பந்து ஆற்றலை உற்பத்தி செய்துவிட்டது! இந்த இடத்தில்தான் மாணவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ‘ரீடிங்’கைத் திருத்துகிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். சரியான விடைக்கே மதிப்பெண் என்று சொல்லிக்கொடுத்தது நாம்.

இன்னொரு தவறு இன்னும் சுவையானது. 1 மீட்டரை 0.45-ஆல் வகுத்து 2.2 என்று வேகம் எடுத்து, இரட்டிக்க மறந்துவிடுவார்கள். அது சராசரி வேகம். இறுதி வேகத்தில் பாதி. இருமடியாக்கும்போது பாதி கால் ஆகிவிடும். இயக்க ஆற்றல் 0.12 ஜூல் என்று வரும். ‘முக்கால் பங்கு ஆற்றல் காற்று உராய்வால் இழக்கப்பட்டது’ என்று விளக்கமும் எழுதிவிடுவார்கள். காற்று பாவம். 1 மீட்டர் விழும் கனமான சிறு பந்தைக் காற்று அவ்வளவு பாடுபடுத்தாது. மேலே கொரியோலிஸ் சேர்த்தாரே ஓர் அரை, அதை அலட்சியம் செய்ததற்கான தண்டனை இது.

இதற்கு மருந்தாக ஒளிக்கதவை வாங்கச் சொல்கிறார்கள். பந்து ஓர் ஒளிக்கற்றையை மறைக்கும் நேரத்தை அது அளக்கும்; பந்தின் விட்டத்தை அந்த நேரத்தால் வகுத்தால் வேகம். ஆர்டுயினோ வைத்து இதைச் செய்துகொள்ளும் பள்ளிகளும் இருக்கின்றன. நல்ல கருவிதான், ஆனால் அதற்கும் ஒரு கள்ளத்தனம் உண்டு. 2 செ.மீ. விட்டமுள்ள பந்தின் நடுவில் கற்றை படாமல் அரை செ.மீ. தள்ளிப் பட்டால், மறைப்பது 2 செ.மீ. அல்ல, 1.73 செ.மீ. வேகம் 15 சதவீதம் கூடும். ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடும். இருமடியின் குணம் அது: வேகத்தில் நுழைந்த சிறு பிழையை ஆற்றலில் ஏறக்குறைய இரட்டிப்பாக்கித் தரும். நிலை ஆற்றலில் உயரம் அப்படியே நிற்பதால் அங்கே இந்த வட்டிக்கு வட்டி கிடையாது. ஆகவே இரண்டு ஆற்றலில் எதை நம்புவது என்று கேட்டால், அளவுகோலால் அளந்ததை நம்பு என்பேன்.

ஈர்ப்பு முடுக்கத்தை 9.8 என்று போடுவதா 10 என்று போடுவதா என்று சில வகுப்புகளில் தீராத விவாதம் நடக்கும். 10 என்று போட்டால் 2 சதவீதப் பிழை. மேலே பார்த்த பிழைகளுக்கு முன்னால் அது கொசு. சென்னையில் அதன் மதிப்பு 9.78-க்கு அருகில். 1821-இலேயே மெட்ராஸ் வானாய்வகத்தில் கோல்டிங்காம் விநாடி ஊசலின் நீளத்தை நுட்பமாக அளந்து லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். அந்த நுட்பமெல்லாம் நம் மர ஸ்கேலுக்கு எட்டாது.

கார்பன் தாள்

நான் பார்த்த பள்ளிப் பரிசோதனைகளில் ஒன்றே ஒன்றுக்கு முதலிடம் தருவதென்றால் அது இதுதான்: சாய்தளத்தில் குண்டை உருட்டி, மேசை விளிம்பிலிருந்து பறக்கவிட்டு, தரையில் எங்கே விழுகிறது என்று பார்ப்பது. பிவிசி குழாயை நீளவாக்கில் பாதியாக அறுத்து, கீழ்முனை மேசைக்குக் கிடையாக இருக்கும்படி வளைத்துக் கட்ட வேண்டும். விளிம்பிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு, அதற்கு நேர்கீழே தரையில் புள்ளி வைக்க வேண்டும். விழும் இடத்தில் வெள்ளைத்தாள், மேலே கார்பன் தாள். சைக்கிள் பேரிங் குண்டோ கோலிக்குண்டோ, பத்துமுறை விட்டால் பத்துக் கறுப்புப் புள்ளிகள் ஒரு ரூபாய் நாணயத்துக்குள்ளோ அதைவிடச் சற்றுப் பரவியோ விழும். நடுவை எடுத்துக்கொள்ளலாம்.

மேசையின் உயரம் 80 செ.மீ., சாய்தளத்தில் குண்டு இறங்கும் உயரம் 20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். நிலை ஆற்றல் முழுவதும் முன்னோக்கிய ஓட்டமாக மாறியிருந்தால், விளிம்பில் வேகம் விநாடிக்கு 1.98 மீட்டர். 80 செ.மீ. விழ 0.40 விநாடி. ஆகவே புள்ளியிலிருந்து 80 செ.மீ. தள்ளி விழ வேண்டும். விழுவது 68 செ.மீ.-க்குப் பக்கத்தில். பத்துமுறையும் அப்படித்தான். குண்டை மாற்றினாலும், பெரிதாக்கினாலும் அதே 68.

இந்தப் பரிசோதனையின் அழகு, கடிகாரம் வேண்டாம் என்பதில் இருக்கிறது. சமன்பாட்டைக் கொஞ்சம் புரட்டினால் நிறை அடிபட்டுப் போகும், ஈர்ப்பு முடுக்கமும் அடிபட்டுப் போகும். தரைத் தூரத்தின் இருமடியை, சாய்தள உயரத்தையும் மேசை உயரத்தையும் பெருக்கிய தொகையின் நான்கு மடங்கால் வகுத்தால் போதும். நிலை ஆற்றலில் எத்தனை பங்கு முன்னோக்கிய இயக்கமாக மாறியது என்பது நேரடியாக வந்துவிடும். மூன்று நீளங்கள், ஒரு ஸ்கேல். மேலே சொன்ன எண்களைப் போட்டால் 0.72. கணக்கு நன்றாகவே உதைக்கிறது. 28 சதவீதத்தைக் காணோம்.

உராய்வு என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது இங்கேதான். ஆனால் உராய்வு இப்படி ஒவ்வொருமுறையும் அச்சடித்த மாதிரி ஒரே பங்கை எடுக்குமா? குண்டு உருண்டுகொண்டே போகிறது. முன்னால் போவதற்கு ஒரு பங்கு, தன்னைத்தானே சுற்றுவதற்கு ஒரு பங்கு. முழுக் கோளத்துக்கு அந்தப் பிரிவினை 5-க்கு 2. ஏழில் ஐந்து பங்கு ஓட்டம், ஏழில் இரண்டு பங்கு சுழற்சி. ஏழில் ஐந்து என்பது 0.714. காணாமல்போன 28 சதவீதம் எங்கும் போகவில்லை, குண்டுக்குள்ளேயே சுழன்றுகொண்டு கூடவே பறந்து போய்த் தரையில் விழுந்திருக்கிறது. உள்ளீடற்ற பந்தானால் ஓட்டத்துக்கு ஐந்தில் மூன்று பங்குதான். வளையத்தை உருட்டினால் சரிபாதி. முழு உருளைக்கு மூன்றில் இரண்டு. நிறை எங்கே குவிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்ததல்ல.

இதில் இன்னும் ஒரு படி இருக்கிறது. வழவழப்பான அகலக் குழாய்க்குப் பதில் செங்கோணத்தில் வெட்டிய ஒரு பள்ளத்தில் குண்டை உருட்டினால், அது இரண்டு ஓரங்களில் மட்டும் தொட்டுக்கொண்டு உருளும். அடி தொடாததால் ஒரு சுற்றில் போகும் தூரம் குறையும். அதே தூரத்தைப் போக அதிகம் சுற்ற வேண்டும். ஓட்டத்துக்கு மிஞ்சுவது 56 சதவீதம்தான், தரைத் தூரம் 60 செ.மீ. அதே குண்டு, அதே உயரம், தடம் மட்டும் வேறு. ‘ஏன் 8 செ.மீ. பின்னால் விழுந்தது?’ என்ற கேள்வியோடு ஒரு வகுப்பை ஒரு பீரியட் முழுக்கக் கட்டிப்போடலாம். சாய்வை மட்டும் மிகச் செங்குத்தாக வைத்துவிடக் கூடாது. அப்போது குண்டு உருளாமல் வழுக்கத் தொடங்கும், உராய்வு உண்மையாகவே தன் பங்கைக் கேட்கும்.

மத்தியப் பாடத்திட்டத்தின் பதினோராம் வகுப்புச் செயல்பாடுகளில் இரட்டைச் சாய்தளம் ஒன்று உண்டு. ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏறும் பந்து எவ்வளவு உயரம் போகிறது என்று பார்ப்பது. உயரத்தை உயரத்தோடு ஒப்பிடுவதால் சுழற்சிப் பங்கு தொல்லையே தராது. இறங்கும்போது எடுத்ததை ஏறும்போது திருப்பித் தந்துவிடும். விதியைக் காட்டுவதற்கு அது வசதி. எனக்கென்னவோ அந்த வசதியே குறையாகப் படுகிறது. சுவையான பங்கை மறைத்துவிடுகிறது. இரண்டு தளமும் சேரும் மூலையை வளைவாக்காமல் விட்டால் அங்கே பந்து இடித்து இழப்பது வேறு.

ஊசல், துள்ளல், சுருள்வில்

தனி ஊசலை நாம் ஈர்ப்பு முடுக்கம் கண்டுபிடிக்க மட்டுமே பயன்படுத்துகிறோம். ஆற்றலுக்கு அதில் ஒரு சிக்கல். 1 மீட்டர் ஊசலைப் பக்கவாட்டில் 10 செ.மீ. இழுத்தால் குண்டு மேலேறுவது 5 மில்லிமீட்டர்தான். அதை ஸ்கேலால் அளந்தால் ஒரு மில்லிமீட்டர் தவறுக்கு 20 சதவீதப் பிழை. பக்கவாட்டுத் தூரத்தை இருமடியாக்கி, நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்து உயரத்தை எடுப்பதே புத்திசாலித்தனம். இதிலேயே வேறொரு நல்ல பரிசோதனையும் ஒளிந்திருக்கிறது: வீச்சின் இருமடியை நேரத்துக்கு எதிராக வரைவது. வீச்சு 10 செ.மீ.-லிருந்து 5 செ.மீ. ஆனால் ஆற்றல் பாதியாகவில்லை, காலாகிவிட்டது. இழப்பை ஒளிக்காமல் அதையே அளக்கச் சொல்லும் மிகச் சில பயிற்சிகளில் இது ஒன்று. தேர்வுக்கு வராது என்று பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

துள்ளும் பந்துக்கு சூத்திரமே வேண்டாம். 1 மீட்டரிலிருந்து விட்டது 60 செ.மீ. எழுந்தால், 60 சதவீதம் திரும்பி வந்தது. சர்வதேச டென்னிஸ் விதியிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது: 254 செ.மீ.-லிருந்து கடினத் தரையில் விட்ட வழக்கமான பந்து 135 முதல் 147 செ.மீ. வரை எழ வேண்டும். அதாவது 53 முதல் 58 சதவீதம். உச்சியில் பந்து எங்கே நின்றது என்று கண்ணால் பிடிப்பதுதான் கடினம். அதற்குக் கைபேசி உதவுகிறது, அதுவும் கேமரா இல்லாமலே. ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தார் இலவசமாகத் தரும் ஃபைஃபாக்ஸ் செயலி, பந்து தரையில் படும் ‘டொக்’ ஒலிகளின் இடைவெளியைப் பதிவு செய்கிறது. இரண்டு ‘டொக்’குகளுக்கு நடுவே 0.70 விநாடி என்றால், ஏற 0.35, இறங்க 0.35, எழுந்த உயரம் 60 செ.மீ. காதால் உயரத்தை அளக்கலாம் என்பது பிள்ளைகளுக்கு மந்திரம் மாதிரி இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து, ஒவ்வொரு துள்ளலுக்கும் பங்கு ஏறக்குறைய அதேதான் என்பதை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

சுருள்வில்லில் வேறொரு வேடிக்கை. ஒரு மீட்டர் நீட்ட 20 நியூட்டன் கேட்கும் வில்லில் 200 கிராம் எடைக்கல்லை மாட்டி, கையால் தாங்கி மெதுவாக இறக்கினால் 9.8 செ.மீ. இறங்கி நிற்கும். எடைக்கல் இழந்த நிலை ஆற்றல் 0.19 ஜூல். வில்லில் சேர்ந்தது, மாறிலியில் பாதியை நீட்சியின் இருமடியால் பெருக்கினால், 0.096 ஜூல். துல்லியமாகப் பாதி. இங்கே உராய்வைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. மீதிப் பாதி போனது தாங்கிய கைக்குள். சந்தேகமிருந்தால் கையைச் சட்டென்று எடுத்துவிட்டுப் பார்க்கலாம்: எடைக்கல் 9.8-இல் நிற்காது, 19.6 செ.மீ. வரை போய்த்தான் திரும்பும். அந்த அடிப்புள்ளியில் இரண்டு கணக்கும் 0.38 ஜூல் என்று நேராகும். பரிசோதனை செய்பவரின் கையும் கணக்கில் ஓர் ஆள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

வில்லுக்குப் பதில் கவட்டை ரப்பரை வைத்துச் செய்கிறார்கள். ரப்பருக்கு அந்த இருமடிச் சூத்திரம் செல்லாது. இழுக்கும்போது ஒரு பாதை, விடும்போது வேறு பாதை. கட்டம் போட்ட தாளில் வரைந்து, கோட்டுக்குக் கீழே உள்ள கட்டங்களை எண்ண வேண்டும். இரண்டு கோடுகளுக்கு நடுவே அகப்பட்ட பரப்பு வெப்பமாகப் போனது. அகலமான ரப்பரைச் சட்டென்று இழுத்து உதட்டில் வைத்தால் வெதுவெதுப்பு தெரியும். ஆனால் அந்த வெதுவெதுப்பில் பெரும்பங்கு இழுப்பதாலேயே வருவது, விட்டால் குளிர்ந்துவிடும். இழப்பின் அளவை உதடு சொல்லாது, கட்டங்கள்தான் சொல்லும்.

வெப்பத்தில் எழுதிய கடன்

உராய்வால் வெப்பமானது என்று ஒவ்வொரு ரெக்கார்டு நோட்டிலும் எழுதுகிறோம். அந்த வெப்பத்தை யாராவது அளந்தார்களா? ஜூல் அளந்தார். எடைக்கற்கள் இறங்க, துடுப்புகள் சுழல, தண்ணீர் சூடேற, 1850-இல் அவர் தந்த எண்: ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு ஃபாரன்ஹீட் டிகிரி சூடாக்க, 772 பவுண்டு எடை ஓர் அடி இறங்க வேண்டும். நம் அலகில் இதன் பொருள் திகைக்க வைப்பது. 1 மீட்டர் விழும் தண்ணீர் அடையக்கூடிய வெப்பநிலை உயர்வு 0.0023 டிகிரி செல்சியஸ். 60 மீட்டர் அருவியின் அடியில்கூட 0.14 டிகிரிதான், அதுவும் காற்றும் ஆவியாதலும் ஒன்றும் செய்யாதிருந்தால். பள்ளித் தெர்மாமீட்டரால் இது முடியாது என்று தோன்றும்.

முடியும், தண்ணீரை விட்டுவிட்டு ஈயத்தை எடுத்தால். ஒரு மீட்டர் அட்டைக் குழாயில் ஈயச் சிறுகுண்டுகளைப் போட்டு இரண்டு பக்கமும் அடைத்து, தலைகீழாக ஐம்பது முறை கவிழ்த்தால், ஒவ்வொரு கவிழ்ப்பிலும் குண்டுகள் முழு உயரமும் விழுகின்றன. ஈயம் சூடேறுவதற்குத் தண்ணீரைப்போல முப்பதில் ஒரு பங்கு வெப்பமே போதும். ஆகவே கணக்குப்படி 3.8 டிகிரி ஏற வேண்டும். நிறை இங்கேயும் அடிபட்டுப் போகிறது. எவ்வளவு ஏறியது என்று பார்த்து, ஏறாததற்குக் குழாய்ச் சுவரையும் கையின் சூட்டையும் குண்டுகள் குவிந்துகிடக்கும் உயரத்தையும் விசாரிக்கலாம். ஈயம் நஞ்சு, குழாய் மூடியே இருக்க வேண்டும், முடிந்ததும் கை கழுவ வேண்டும்.

கணினியில் சறுக்குப் பலகைப் பையனை ஓடவிட்டு இரண்டு ஆற்றல்களும் பட்டை வரைபடமாக ஏறி இறங்குவதைக் காட்டும் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் உருவகத்தை இப்போது நிறைய வகுப்புகளில் பயன்படுத்துகிறார்கள். கருத்தைப் புரியவைக்க அது அருமை. உராய்வைப் பூஜ்யத்தில் வைத்தால் பட்டைகள் அச்சாகப் பொருந்தும். ஆனால் அதை மட்டும் பார்த்து வளர்ந்த மாணவர், கார்பன் தாளில் 68 செ.மீ.-ஐப் பார்த்ததும் தாளை நகர்த்தி வைப்பார் என்பது என் பயம்.

மதிப்பெண் விஷயத்துக்கு வருகிறேன். செய்முறைத் தேர்வில் வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முதலில் பார்ப்பது இறுதி விடை, ‘ஸ்டாண்டர்ட் வேல்யூ’வுக்கு எவ்வளவு அருகில் என்று. அந்த அளவுகோலை வைத்துக்கொண்டு மேலே சொன்ன எந்தப் பரிசோதனையையும் நேர்மையாகச் செய்ய முடியாது. நான் வைத்திருந்த அளவுகோல் வேறு: மாணவர் இரண்டு ஆற்றல்களையும் வேறு வேறு அளவீட்டிலிருந்து எடுத்தாரா என்பதற்குப் பாதி மதிப்பெண். இடைவெளிக்கு அவர் சொல்லும் காரணத்தின் அளவு, உண்மையான இடைவெளியின் அளவுக்கு ஒத்துவருகிறதா என்பதற்கு மீதிப் பாதி. ‘காற்று உராய்வு’ என்று மட்டும் எழுதியிருந்தால் பூஜ்யம். இது கொஞ்சம் கடுமைதான், என் வகுப்பில் படித்தவர்கள் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுவதுண்டு.

கார்பன் தாள் பரிசோதனையை, கார்பன் தாள் இல்லாமல், 1608 வாக்கில் கலிலியோ செய்திருக்கிறார். அவர் அதை எந்த நூலிலும் வெளியிடவில்லை. புளோரன்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கும் அவருடைய கையெழுத்துத் தாள்களில் 116-ஆம் ஏட்டின் பின்பக்கத்தில் அது கிடந்தது. ஸ்டில்மன் டிரேக் 1973-இல் அதை வெளிக்கொண்டுவந்தார். மேசையின் உயரம் 828 புள்ளி; ஒரு புள்ளி மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஆகவே நம் மேசை உயரமேதான். 300 புள்ளி இறங்கி உருண்ட குண்டு 800 புள்ளி தள்ளி விழுந்தது. 1000 புள்ளி இறங்கியது 1500 தள்ளி விழுந்தது. நம் வகுத்தலை அவருடைய எண்களில் போட்டால் முதலில் 0.64, பிறகு 0.68. ஏழில் ஐந்துக்கும் கீழே, செங்கோணப் பள்ளத்தின் 0.56-க்கும் மேலே. அவருடைய சாய்தளம் எப்படி முடிந்தது என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. சுழற்சிக்கு ஒரு பங்கு போகிறது என்பது அவருக்குத் தெரியாது. ஆற்றல் என்ற சொல்லே அப்போது இந்தப் பொருளில் இல்லை. முதல் வீழ்ச்சியை அடிப்படையாக வைத்து மற்றவை எங்கே விழ வேண்டும் என்று விகிதம் போட்டுப் பார்த்தார். 1000 புள்ளி உயரத்துக்கு 1460 வர வேண்டும், வந்தது 1500. இரண்டு எண்ணையும் எழுதி, பக்கத்திலேயே வித்தியாசத்தையும் எழுதியிருக்கிறார்: 40.